நாற்பது எலிக்கும் ஒரே தலை

கோதண்டத்தின் முகத்தைவிட அவருடைய உச்சந்தலையை நன்றாக அறிந்தது, பரிசோதனை அறையின் கூரையில் மாட்டியிருந்த கேமராதான். பத்து வருடமாக அது அவரை நேர் மேலேயிருந்து பார்த்துவருகிறது. நடுவில் வழுக்கை விழுந்ததும், அதை மறைக்க அவர் முடியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் இழுத்து ஒட்டியதும் அதற்குத் தெரியும். ஆடிக் கிருத்திகை அன்று காலை பத்து மணிக்கு அது கண்டது வேறு காட்சி. வெள்ளைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், வலைத் தொப்பிக்குள், மஞ்சளாக ஓர் உருண்டை.

அந்த உருண்டையால்தான் பிறகு இத்தனை ரகளையும்.

கோதண்டத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. இளவயதில் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். அப்போது எலி என்றால் வரப்பில் துரத்தி அடிக்கவேண்டிய ஜந்து. பிறகு திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் ஓர் ஆய்வுக்கூடம் வந்தது. வாசலில் நீளமாக இங்கிலீஷ் பெயர். ஊர்க்காரர்கள் வாயில் ‘எலி கம்பெனி’. அங்கே வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எலி அவருக்கு மேலதிகாரி. அது தூங்கும் நேரம், விழிக்கும் நேரம், அதன் எடை, அதன் மனநிலை எல்லாவற்றுக்கும் இவர் அனுசரித்து நடக்கவேண்டும். அறையில் சூடு கொஞ்சம் ஏறினால் எலிக்காக மணி அடிக்கும். அதைத் துன்புறுத்தாமல் நடத்துகிறார்களா என்று பார்ப்பதற்கு ஒரு குழு உண்டு. குழு கூடினால் காபி, முந்திரி பிஸ்கட் உண்டு. மனுஷன் வேலை செய்யும் இடத்துக்கெல்லாம் இப்படிக் குழு கிடையாதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். “அதுக்கு வேற டிபார்ட்மென்ட்” என்று பதில் வந்தது.

அந்த வருடம் வந்த சரக்கு, அச்சு மையை இளக்குவதற்கு ஊற்றும் தின்னர். தயாரிக்கும் சென்னைக் கம்பெனி அதை வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்பியது. அந்த நாட்டுக்காரர்கள் பரிசோதித்த சான்று கேட்டார்கள். பங்குனி மாதத்தில் நாற்பது சினை எலிகள் வந்து இறங்கின. இருபதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தின்னர் ஆவி கலந்த காற்றை நாளைக்கு ஆறு மணி நேரம் சுவாசிக்க விட்டார்கள். மற்ற இருபதுக்கும் அதே மாதிரிப் பெட்டி, அதே ஆறு மணி நேரம், சுத்தமான காற்று. சினைக்காலம் முடிந்ததோடு தின்னரும் முடிந்தது. பிறந்த குட்டிகள் அந்த வாடையை ஒருநாளும் மோந்தவை அல்ல. வளர்ந்ததும் தாய்க்கு ஒன்றாக நாற்பது குட்டிகளைப் பிரித்து, புது நம்பர் போட்டு, எது யார் பிள்ளை என்ற பட்டியலைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பரிசோதிப்பவருக்கு அது தெரியக்கூடாது. தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும்.

பரிசோதனை இதுதான். பால் பவுடர் கலக்கி வெளுத்த தண்ணீர் நிறைந்த வட்டத் தொட்டி. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. எலி நீந்திப்போய் அதைக் கண்டுபிடித்து ஏறிக்கொள்ள வேண்டும். சுவரில் ஒட்டிய முக்கோணத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து அது இடத்தை மனசில் குறித்துக்கொள்ளும். நாலு நாளில் நாற்பது எலிகளும் கற்றுக்கொண்டன. ஐந்தாம் நாள் மேடையை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவைப்பார்கள். பழைய இடத்தில் இல்லையென்றால் புது இடம் தேடும் புத்தி இருக்கிறதா என்று பார்க்க. அந்த ஐந்தாம் நாள் ஆடிக் கிருத்திகையாக வந்து சேர்ந்தது.

அன்றைக்கு மொட்டை போடுவதாகக் கோதண்டம் வேண்டியிருந்தார். காரணம் மகள்.

ஒரே மகள் யோகலட்சுமியைப் பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை விசைத்தறி ஓட்டுகிறவர். மடித்த லுங்கியின் ஓரத்தில் மயிலோ கப்பலோ தங்க நிறத்தில் பளபளக்குமே, அதை அச்சடிக்கும் பட்டறை ஒன்றில் இவளுக்கு வேலை. ஆனி மாதம் வீட்டுக்கு வந்தவள், மூன்று மாதமாக முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். தாய்க்காரி பத்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கோதண்டமும் பக்கத்தில் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். மகளின் புடவையில் அந்த வாடை. இனிப்பாக ஆரம்பித்து மூக்கின் உச்சியில் போய்க் குத்தும் வாடை. பங்குனி முழுக்க, கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தபோதெல்லாம் முகமூடியைத் தாண்டி வந்த அதே வாடை.

“இன்னாமா இது வாடை?”

“மைக்கு ஊத்தற தின்னர் நைனா. மொதல்ல தலை நோவும். இப்பல்லாம் தெரியறதே இல்ல.”

“எத்தினி நேரம் அதுல ஒக்காந்துகினு கீற?”

“ஒம்போதுக்குப் போனா ஆறு ஆவும். சாப்பாட்டுக்கு வெளிய வருவோம்ல?”

“சன்னல்?”

“தெறந்தா தூசி வந்து மையில ஒட்டுதுன்னு ஓனரு சாத்தி வெச்சிருக்காரு.”

எலிக்கு ஆறு மணி நேரம், மீட்டர் வைத்து. மகளுக்கு எட்டரை மணி நேரம், மீட்டர் இல்லாமல்.

“வேலைய வுட்டுடு.”

“ஆங், வுட்டுட்டு? இன்னிக்கு நின்னா நாளைக்கு அந்த எடத்துல வேற ஆள் ஒக்காந்துடும். புள்ள பொறந்தப்புறம் வாம்மானு கூப்புடவா போறாரு? எப்பப் பாரு எலி எலின்னுட்டு. நான் இன்னா எலியா நைனா?”

“எலியா இருந்திருந்தா ஒனக்குன்னு ஒரு குழுவாவது இருந்திருக்கும்” என்றார் கோதண்டம்.

“நல்ல நாளும் அதுவுமா பேச்சப் பாரு” என்று பத்மா சட்டுவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினார். பட்டறை ஓனர் கண்ணையன் கெட்டவர் இல்லை. மேஜை மேல் முருகன் படம், படத்துக்குத் தினமும் பூ. வந்தவரை உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

“எலி கம்பெனிக்காரரா? அந்தத் தின்னருக்குத்தான் ஒங்க கிட்ட டெஸ்ட் நடக்குதாமே, சேல்ஸ்மேன் சொன்னான். முடிஞ்சதும் பேப்பர் தரேன்னிருக்கான். அண்ணா, ஒண்ணு சொல்றேன். தப்புன்னு பேப்பர்ல வந்துச்சுன்னா அன்னிக்கே தின்னர் வேணாத தண்ணி மைக்கு மாத்திடறேன். நல்லதுன்னு வந்தா நீங்க பேசாம இருக்கணும். பேப்பர் இல்லாம ஆளாளுக்குச் சொல்றத கேட்டுகினு இருந்தா, நான் பட்டறைய சாத்திகினு போவவேண்டிதுதான்.”

இதைவிட நியாயமான பேச்சு எங்கே கிடைக்கும்? கோதண்டம் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். பேப்பர் வரட்டும். ஆனால் பேப்பர் வரும்வரை வயிற்றுக்குள் இருப்பது காத்திருக்காது. அது தன்பாட்டுக்குத் தலையையும் மூளையையும் கட்டிக்கொண்டிருக்கும். திரும்பும் பஸ்ஸில், தூரத்தில் திருத்தணி மலை கண்ணில் பட்டதும் வேண்டிக்கொண்டார்.

கிருத்திகை அன்று விடிவதற்கு முன்பே மலையேறி, காவடிகளுக்கு நடுவில் நசுங்கி, மொட்டை போட்டு, சந்தனம் பூசி, சாமி பார்த்து, ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துவிட்டார். எலிகளுக்குக் கிருத்திகை கிடையாது. கம்பெனியில் வாசனைக்குத் தடை. சென்ட், பவுடர், பூ, வாசனை சோப்பு என்று வரிசையாக எழுதிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சந்தனம் என்று அதில் இல்லை. சந்தனத்தை வாசனைப் பொருளாக நினைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. அது மொட்டைத் தலைக்கு மருந்து. சவரம் பண்ணிய எரிச்சலுக்குப் போடுவது. மணப்பது அதன் சுபாவம், அதற்கு அவர் என்ன செய்வார்? திருத்தணியில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கம்பெனி சோப்பால் ஒருமுறை கழுவினார். போனது போக ஒட்டியது ஒட்டியிருந்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

முதல் எலியை விட்டார். அது நேராகப் பழைய இடத்துக்குப் போயிற்று. மேடை இல்லை. ஒரு சுற்றுச் சுற்றியது. முகத்தைத் தூக்கிச் சுவரைப் பார்த்தது. பிறகு தொட்டி முழுக்கத் தேடி, எதிர்ப்பக்கத்தில் ஏறிவிட்டது. இரண்டாவது தடவை சீக்கிரம். மூன்றாவது தடவை நேராக.

இரண்டாவது எலி பழைய இடத்துக்குப் போயிற்று. சுற்றியது. மறுபடி சுற்றியது. இல்லாத மேடையைக் கால் நகத்தால் பிறாண்டியது. கடிகாரம் தொண்ணூறு வினாடியைத் தொட்டது. விதிப்படி கோதண்டம் அதை எடுத்துப்போய்ப் புது மேடையில் உட்காரவைத்துக் காட்டினார். அடுத்த தடவையும் பழைய இடம். அதற்கடுத்தும் பழைய இடம்.

மத்தியானத்துக்குள் அவருக்குத் தெரிந்துபோயிற்று. எது யார் பிள்ளை என்று தெரியாது. ஆனால் நாற்பதும் ஒரே ஜாடை இல்லை. தேடுகிற கூட்டம் ஒன்று, சுற்றுகிற கூட்டம் ஒன்று. பதினேழாம் நம்பர் நாலு தடவையும் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போனது. அதைத் துண்டில் வைத்துத் துடைத்தார் கோதண்டம்.

“ஒங்கம்மா எந்தப் பொட்டியில ஒக்காந்திருந்தா?” என்று அதனிடம் கேட்டார்.

பத்து நாள் கழித்துப் பீரோவைத் திறந்தார்கள். பரிசோதனைக்குப் பொறுப்பான நிர்மலா மேடம் கோதண்டத்தைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சுத்தக் காற்றுத் தாய்களின் குட்டிகள் இருபதில் பதினெட்டு, புது இடத்தைக் கற்றுக்கொண்டிருந்தன. தின்னர் தாய்களின் குட்டிகள் இருபதில் ஆறு.

“எடை சரியா இருக்கு. கண் பார்வை, நீச்சல் எல்லாம் சரியா இருக்கு. பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. கத்துக்கிட்டத மாத்திக் கத்துக்கறதுதான் வரல.”

“குட்டிங்க அத மோந்ததே இல்லயே மேடம்.”

“தாய் மோந்தாச்சே.”

“மனுசப் புள்ளைக்கும் அப்டித்தானா?”

“எலிக்கு ஆனது அப்படியே மனுஷங்களுக்கு ஆகும்னு சொல்ல முடியாது, கோதண்டம். ஆகாதுன்னும் சொல்ல முடியாது. தெரியாத வரைக்கும் கர்ப்பமா இருக்கறவங்கள அதுல உக்காரவெக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

அந்த வாரமே தின்னர் கம்பெனியிலிருந்து விஜயராகவன் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. வியர்வை என்பதையே அறியாத முகம். இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பார்த்தார். மூன்றாம் நாள் கோதண்டத்துக்கு அழைப்பு வந்தது. நீள மேஜையின் ஒரு பக்கம் அவர், எதிரே நிர்மலா. திரையில் வட்டத் தொட்டி, அதில் சுற்றும் எலி, விளிம்பில் மஞ்சள் உருண்டை.

“இது என்ன சார்?” என்றார் விஜயராகவன் மிக மரியாதையாக.

“என் தலை சார்.”

“தலை ஏன் மஞ்சளா இருக்கு?”

“மொட்டை சார். சந்தனம்.”

“சந்தனம்” என்று விஜயராகவன் அந்த வார்த்தையை மோந்து பார்ப்பதுபோலச் சொன்னார். “எலிக்கு மூக்கு எவ்வளவு கூர்மைன்னு உங்களுக்கே தெரியும். பாவம், அதுங்க குழம்பிப்போச்சு. பெரிய தப்பு ஒண்ணுமில்ல, பக்தி. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது.”

நகர்த்திய காகிதத்தில் மூன்று வரிதான். அன்று பரிசோதகர் தலையில் வாசனைப் பொருள் இருந்தது. ஆகவே ஐந்தாம் நாள் முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல. அவை நீக்கப்படுகின்றன.

“நீக்கிட்டா மறுபடி செய்வீங்களா சார்?”

“எதுக்கு? முதல் நாலு நாள் எல்லா எலியும் நல்லாத்தானே பண்ணுச்சு? ரிப்போர்ட்டுக்கு அது போதும்.”

கோதண்டம் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலு நாள் போதும் என்றால், பேப்பர் நல்லது என்று வரும். சேல்ஸ்மேன் கொண்டுபோய்க் கண்ணையன் மேஜையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைப்பான். சன்னல் சாத்தியே இருக்கும். மகள் பிரசவ வலி வரும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எல்லாம் இந்தத் தலையால்.

பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

“சார், நீங்க எத்தினி வீடியோ பாத்தீங்க?”

“இருபது. தின்னர் க்ரூப் முழுக்க.”

“மீதி இருபது?”

“அது சுத்தக் காத்து. அதுல பிரச்சினையே இல்லையே.”

“அதுலயும் இதே தலைதான் சார் நிக்குது.”

விஜயராகவன் முகத்தில் முதல் தடவையாக லேசாக வியர்த்தது. நிர்மலா கணினியைத் தன் பக்கம் திருப்பினார். எட்டாம் நம்பர் வந்தது. மஞ்சள் உருண்டை. எலி தேடியது, ஏறியது. பதினொன்று. உருண்டை, தேடல், மேடை. இருபத்து மூன்று. முப்பது. உருண்டை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், சத்தியம் பண்ண வந்ததுபோல நின்றது.

“இதுங்களுக்கு மட்டும் சந்தனம் மணக்கலயா சார்?” என்றார் கோதண்டம்.

“நீங்க ரூல் மீறினவர். அத ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பேசுங்க. நான் புகார் எழுதினா வேலை போகும்.”

“மீறினேன் சார். தப்புதான். அத நானே எழுதித் தர்றேன்.”

காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். ‘ஆடிக் கிருத்திகை அன்று நான் மொட்டை போட்டு, சந்தனத்தோடு வந்தது உண்மை. தவறு. ஆனால் நாற்பது எலிக்கும் ஒரே தலை. இப்படிக்கு, கோதண்டம்.’ நிர்மலா அதை வாங்கிப் படித்தார். கீழே தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டு, கோப்பில் சேர்த்தார்.

“அஞ்சாம் நாள் ரிப்போர்ட்ல இருக்கும்” என்றார்.

இருந்தது. கோதண்டத்துக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். முடிவுகள் ஒரு எண் குறையாமல் அறிக்கையில் ஏறின. விஜயராகவன் கிளம்பும்போது எல்லோருக்கும் கைகொடுத்தார், கோதண்டத்துக்கும். “ரிப்போர்ட் எங்க சொத்து. எப்ப வெளியிடறதுன்னு நாங்க யோசிச்சு முடிவு பண்றோம். உள்ள நடந்தது வெளிய போகக்கூடாதுன்னு எல்லாரும் எழுதிக் குடுத்திருக்கீங்க இல்ல?” என்று சிரித்தார். உண்மை ஜெயித்தது. ஜெயித்த கையோடு பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

சஸ்பென்ஷனின் முதல் நாளே கோதண்டம் பொதட்டூர்பேட்டையில் இருந்தார்.

“வாங்கண்ணா. பேப்பர் வந்துச்சா?” என்றார் கண்ணையன்.

கோதண்டம் வாயைத் திறந்தார். கம்பெனியில் எழுதிக்கொடுத்த கையெழுத்து நினைவுக்கு வந்தது. வாயை மூடினார். உள்ளே, சாத்திய சன்னலுக்குக் கீழே, யோகலட்சுமி குனிந்து மயில் அச்சடித்துக்கொண்டிருந்தாள். கண்ணையனின் பார்வை கோதண்டத்தின் தலைக்குப் போயிற்று. முடி முள்முள்ளாக எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது.

“கிருத்திகை மொட்டையா? இன்னா வேண்டுதல்?”

“பொண்ணு பிரசவத்துக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். “மொட்டையோட சன்னதில நின்னேன் ஓனரே. புள்ளத்தாச்சிய அந்தக் காத்துல ஒக்காரவெக்காதேன்னு உத்தரவு ஆச்சு.”

கண்ணையன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். “இத மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணா! எலி, டெஸ்டுன்னு இன்னாத்தையோ சொல்லிகினு இருந்தீங்களே!”

இரண்டே நிமிடம். யோகலட்சுமி அச்சு அறையிலிருந்து எழுந்து, வெளியே கொட்டகையில் லுங்கி மடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். வேலையும் போகவில்லை. நாற்பது தாய்கள், நாலரை மாதம், கண்ணாடிப் பெட்டி, கேமரா எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு சவரக்கத்தி செய்து முடித்திருந்தது.

யோகலட்சுமிக்கு மட்டும் சந்தேகம். அப்பாவை ஓரமாக இழுத்தாள்.

“நைனா, சாமி பேர்ல பொய் சொன்னியா?”

“நெசத்த சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிகினு இருக்காங்கமா. பொய்க்கு யாரும் எழுதி வாங்கல.”

“அப்ப நெசம் இன்னா?”

அவர் அவள் வயிற்றைப் பார்த்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கை தன்னால் வயிற்றுக்குப் போயிற்று. அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

அவளைத் தாண்டிப் பார்த்தபோதுதான் கோதண்டம் அதைக் கவனித்தார். அச்சு அறையில் அந்த நாற்காலி காலியாக இல்லை. வேறொரு பெண் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, தின்னர் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள்.

“யாருமா அது?”

“புவனா. வைகாசிலதான் கல்யாணம் ஆச்சு.”

கோதண்டம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு அடி வைத்தார். நின்றார். திரும்பி நேராகக் கண்ணையனின் மேஜைக்கு வந்தார்.

“ஓனரே, சாமி இன்னொண்ணும் சொன்னாரு.”

“எத்தினி தபா சொல்லுவாரு? மொத்தமா சொல்லக் கூடாதா?”

“கிருத்திகைக் கூட்டம் ஓனரே. பின்னாலேர்ந்து தள்ளிகினே இருந்தானுங்க. முழுசா நின்னு கேக்க முடியல. இப்பதான் மீதி ஞாபகம் வருது.”

“இன்னா மீதி?”

“அவருக்குக் கோவம் அந்த ரூம் மேலயாம். யாரு ஒக்கார்றாங்கன்றது மேல இல்ல.”

கண்ணையன் முருகன் படத்தைப் பார்த்தார். கோதண்டத்தின் தலையைப் பார்த்தார். இந்த ஆள் எவ்வளவு தூரம் போவார் என்று அளப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். கோதண்டம் இமைக்கவில்லை. தொப்பியில்லாத அந்தத் தலையில் வியர்வை மட்டும் ஒரு கோடாக இறங்கியது.

“புவனா, எழுந்து வெளிய வாம்மா” என்றார் கண்ணையன்.

பிறகு அச்சு அறைக்குள் போய், பெயின்ட் காய்ந்து சட்டத்தோடு ஒட்டிக்கிடந்த சன்னலை உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினார். முதல் குத்துக்கு அது திறக்கவில்லை.

“இங்க வாங்கண்ணா” என்றார் திரும்பாமல். “நீங்களும் ஒரு கை போடுங்க.”